இரண்டு தரம் எழுதிய கேஸ்

ஹாரோ, லண்டன்
12.01.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம்; முழங்கால்தான் குளிருக்கு முனகுகிறது. நீங்களும் தில்லை அண்ணியும் எப்படி? அண்ணியின் பிரஷர் குறைந்ததா? கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒருவரும் சாகவில்லை. போனில் உங்களைப் பிடித்தால் “ஓம், சாப்பிட்டியோ, இந்தா அண்ணியிட்டைக் குடுக்கிறன்” என்பதோடு சரி. எழுத்தில்தான் உங்களுக்கு வாய் திறக்கும்.

எனக்குப் பெரிய வேடம் ஒன்று கிடைத்திருக்கிறது, அண்ணை! பகிடி இல்லை. மூன்று பாகத் தொடர், நான்தான் முக்கிய பாத்திரம். பாரிஸை விட்டு வந்து பதினைந்து வருஷமாக இந்த நாட்டு டீவியில் நான் யார்? சில்லறைக்கடைக்காரி, ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற தாய், பிறகு ஆறு வருஷம் அந்த மாடிவீட்டுப் பகிடித் தொடரில் உடுப்புக்கூடையோடு கதவைத் திறக்கிற மிஸிஸ் பாலா. நான் வாய் திறக்க முன்னரே சனம் சிரிக்கும். இப்போது நாற்பத்தாறு வயதில், அகதி விசாரணைக்குப் போகிற ஒரு தமிழ்ப் பெண்ணாக நடிக்கப் போகிறேன்.

விசாரணைக் காட்சியை நானே எழுதலாம் என்று டிரெக்டர் சொல்லிவிட்டா. உடனே ஞாபகம் வந்தது 98இல் பாரிஸில் நீங்கள் எனக்கு எழுதித் தந்த அகதிக் கேஸ். ரூ லூயி-பிளாங்கில் போன் கடைக்குப் பின்னால் அந்த அறையில் நீங்கள் வாசிக்க வாசிக்க நான் பாடமாக்கினேனே. பஸ், தம்பி, கண்ணாடி! எனக்குத் தம்பியே இல்லை, நீங்கள் ஒருவர்தான் கூடப்பிறந்தது. அப்படியிருந்தும் விசாரணையில் தம்பிக்காக விம்மி விம்மி அழுதேன். என் முதல் நாடகத்தை எழுதியவர் நீங்கள்தான், அண்ணை. அந்தப் பேப்பரின் கொப்பி கிடந்தால் அனுப்பி வையுங்கள். இனி டீவியில் நீங்களும் ஒரு கதாசிரியர்!

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை கஜந்தினி

---

பியர்ஃபித்-சூர்-செய்ன், பிரான்ஸ்
09.02.2024

அன்புத் தங்கச்சி கஜந்தினிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்குப் பிரஷர் பரவாயில்லை. நீ முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு. கடையில் வேலை கூட, தைப்பொங்கலுக்கு ஊர் போனவர்களின் டிக்கெட் மாற்றி மாற்றியே மாதம் போய்விட்டது. அதனால்தான் பதில் பிந்தியது.

உன் புதினம் கேட்டு அண்ணி சந்தோஷப்பட்டாள். ஆனால் அந்தப் பேப்பர் இல்லை. வீடு மாறும்போது எறிந்துவிட்டேன். அது பழைய கதை, விட்டுவிடு. நீ கெட்டிக்காரி, புதிதாக ஒன்று யோசி. கடல் வழியாக வந்ததாக எழுதலாம், இப்போது சனம் அதைத்தான் விரும்பும்.

என்னைக் கேட்டால் உனக்குப் பகிடிதான் பொருத்தம். மிஸிஸ் பாலா வந்தால் அண்ணிக்கு ஆங்கிலம் விளங்காவிட்டாலும் சிரித்துச் சிரித்து இருமுவாள். அழுகைப் படத்தை ஆர் பார்ப்பார்கள்?

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு திரி.
அண்ணன் வாமதேவன்

---

ஹாரோ
16.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

முழங்கால் பரவாயில்லை, மனம்தான் சுகமில்லை. “உனக்குப் பகிடிதான் பொருத்தம்” என்று எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்களுமா?

பகிடித் தொடர் எப்படி எடுக்கிறது என்று தெரியுமா? எதிரே சனம் உட்கார்ந்திருக்கும். ஒரு வசனம் சொன்னதும் சிரித்து முடியுமட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். அது பழகிவிட்டது. போன கிழமை ஒத்திகையில் “அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்” என்று சொல்லிவிட்டு நான் அப்படியே நின்றேன். “ஏன் நிற்கிறாய்?” என்று டிரெக்டர் கேட்டா. சனம் சிரிக்கட்டும் என்று நின்றிருக்கிறேன், அண்ணை. வெட்கமாகப் போய்விட்டது.

பேப்பர் இல்லாவிட்டால் போகட்டும், எனக்கு இன்றும் பாடம். வவுனியாவில் ஆமிக்காரர் பஸ்ஸை மறிக்கிறார்கள். ஆம்பிளைகள் எல்லோரும் இறங்க வேண்டும். தம்பியின் கண்ணாடியில் புழுதி. அக்கா அதை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கண்ணாடி இல்லாமலே இறங்கிவிடுகிறான். முகத்தை மூடி நின்று ஆட்களைக் காட்டிக் கொடுக்கிற தலையாட்டியை, ஆரென்று தெரியாமல், கிட்டப் போய் உற்றுப் பார்க்கிறான். தலையாட்டி தலையை ஆட்டிவிடுகிறான்.

இதை எப்படி அண்ணை யோசித்தீர்கள்? பகலில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டு இப்படி ஒரு கற்பனையா? அழ எனக்குப் பழக்கியது அந்தக் கண்ணாடிதான். அதைத்தான் வைக்கப் போகிறேன்.

அண்ணியை மருந்தை மறக்க விடாதீர்கள்.
கஜந்தினி

---

பியர்ஃபித்
22.03.2024

கஜந்தினிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

அது கற்பனை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேஸ் எழுத என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கு நடந்தது. அவ சொல்ல எழுதினேன், அதில் கொஞ்சத்தை உன்னுடையதிலும் போட்டேன். உன் கேஸில் ஒன்றுமே இருக்கவில்லை. படித்தாய், பயந்தாய், வந்தாய். அதற்கு ஒருவரும் அகதிக் கார்ட் தர மாட்டார்கள். அந்த நேரம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஆகவே கண்ணாடியை எடுத்துவிடு. தம்பியைப் புருஷன் ஆக்கு. பஸ்ஸையும் மாற்று.

அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.
வாமதேவன்

---

ஹாரோ
29.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, கோபிக்க வேண்டாம். உண்மையா? உண்மையாகவே ஒருத்தி அந்தப் பஸ்ஸில் இருந்தாளா? இருபத்தாறு வருஷம் இதை ஏன் சொல்லவில்லை? அந்தப் பிள்ளையின் தம்பிக்காகவா நான் அழுது கார்ட் எடுத்தேன்?

அப்படியென்றால் அவவிடம் கேட்காமல் ஒரு வசனமும் நான் சொல்ல மாட்டேன். ஆள் பாரிஸில்தானா? பெயர் என்ன? போய்க் கேளுங்கள், அண்ணை. வேண்டுமானால் நானே வந்து காலில் விழுகிறேன். ‘வேண்டாம்’ என்று அவ சொன்னால் விட்டுவிடுவேன், சத்தியமாக. ‘ஓம்’ என்றால், அந்தக் கண்ணாடியை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதிய எதுவும் அதற்குக் கிட்ட நிற்காது.

அவவுக்கும் அப்போதே கார்ட் கிடைத்திருக்கும்தானே? கதை கேட்ட எனக்கே கிடைத்ததென்றால், கதைக்குச் சொந்தக்காரிக்குக் கிடைக்காமலா.

ஏப்ரல் 24 லீட்ஸில் படப்பிடிப்பு தொடங்குகிறது. விரைவுத் தபாலில் எழுதுங்கள்.
கஜந்தினி

---

லீட்ஸ்
16.04.2024

அண்ணைக்கு,

நான் சுகம், நீங்கள் எப்படி என்று தெரியவில்லை. இரண்டு கிழமைக்கு மேலாகிறது. போன் எடுத்தால் அண்ணி “கோயிலுக்குப் போயிட்டார்” என்கிறா. ஒரு நாளில் மூன்று தரமா கோயில்? இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. ஓமோ இல்லையோ, ஒரு சொல் எழுதுங்கள். கீழே ஹோட்டல் விலாசம்.

கஜந்தினி

---

பியர்ஃபித்
19.04.2024

கஜந்தினிக்கு,

சுகம். கேட்டேன். அவவுக்கு ஆட்சேபனை இல்லை. கார்ட் எல்லாம் எப்போதோ கிடைத்துவிட்டது, நன்றாக இருக்கிறா. தன் பெயர் மட்டும் வேண்டாமாம். நீ யோசிக்காமல் செய். நன்றாக வரும்.

அண்ணன்

---

ஹாரோ
20.10.2024

என் அன்பான அண்ணைக்கும் அண்ணிக்கும்,

இரண்டு பேரும் சுகமா? நான் சந்தோஷத்தில் நித்திரை இல்லாமல் திரிகிறேன்! மூன்று பாகமும் போய்விட்டது. பேப்பர்க்காரர்கள் என்னைப் பற்றி எழுதியதை வெட்டி அனுப்புகிறேன். ஒருவர் ‘இத்தனை வருஷம் இவரை உடுப்புக்கூடையோடு நிற்க வைத்துவிட்டோமே’ என்று எழுதியிருக்கிறார். ஒரு பெரிய பரிசுக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள். நேற்று பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. இதுவரை பஸ்ஸில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் “கூடை எங்கே?” என்றுதான் கேட்பார்கள்.

பேட்டி கேட்ட ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன்: இது பாரிஸில் இருக்கிற ஒருவருக்கு நடந்தது, அவரின் சம்மதத்தோடுதான் எடுத்தோம் என்று. நான் கார்ட் எடுத்த விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

இனித்தான் முக்கியமான கதை. நவம்பர் 24 பாரிஸில், உங்கள் லா சப்பலில் சங்கத்துக்காரர் மண்டபம் எடுத்துத் தொடரைக் காட்டுகிறார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம். நான் சொல்லிவிட்டேன், அந்தப் பொன்னாடையை வாங்கி மேடையில் வைத்தே அவவுக்குப் போர்த்துவேன் என்று. பெயர் சொல்ல மாட்டேன். ‘என் அக்கா’ என்று மட்டும் சொல்வேன். நீங்கள்தான் அவவைக் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் இருத்த வேண்டும். சேலை நான் லண்டனில் எடுத்துவிட்டேன், அண்ணியிடம் நிறம் சரியா என்று கேளுங்கள், படம் வைத்திருக்கிறேன்.

எண்ணி எண்ணிக் காத்திருக்கும்,
கஜந்தினி

---

ரூ லூயி-பிளாங், பாரிஸ் 10
03.11.2024

கஜந்தினி,

உன் சுகத்தைக் கேட்க எனக்கு இன்றைக்கு முகமில்லை. கடையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் வைத்து எழுதினால் அண்ணி என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

நான் அவவைக் கேட்கவில்லை. ஆட்சேபனை இல்லை என்று எழுதியது பொய்.

பெயர் அஜந்தா. 98இல் அவவுக்கு இருபத்திநாலு வயது. தம்பியின் பெயர் பிரசாந்தன். அவ சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதினேன். அவவின் விசாரணைத் திகதி தள்ளிப் போனது, உன்னுடையது முந்தி வந்தது. உன் கேஸைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை நடுங்கியது, உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. கொஞ்சத்தைப் போட்டேன் என்று உனக்கு எழுதினேனே, கொஞ்சமில்லை. முழுதையும் எடுத்தேன். பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றினேன். நூற்றுக்கணக்கான கேஸுக்குள் ஆர் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு அவ போனா. தம்பியின் கண்ணாடியையே கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறா. இதே கதையை இதே சொற்களில் ஏற்கெனவே வேறொருவர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்களாம். நிராகரிப்பு. அப்பீலும் அடிபட்டது. பதினொரு வருஷம் கார்ட் இல்லாமல் இருந்தா. ஒளித்து ஒளித்து வேலை. தாய் செத்தபோது போகவில்லை. 2009இல்தான் வேலையைக் காட்டி ஒரு கார்ட் கிடைத்தது. இன்றும் ஒபர்வில்லியேயில் உடுப்புக் கிடங்கில் தரம் பிரிக்கிறா.

நிராகரிப்புக் கடிதத்தோடு என்னிடம்தான் ஓடி வந்தா. நான் ஒன்றும் தெரியாதவன் போல இருந்தேன். சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க லா சப்பலுக்கு வருவா. கண்டால் நான் மற்றப் பக்கம் மாறிவிடுவேன். நீ டீவியில் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் வரும், உடனே அவவின் முகமும் வரும். நான் பாவி, கஜந்தினி. என் தங்கச்சியைக் காப்பாற்றத்தான் செய்தேன். வேறு காரணம் இல்லை.

அவவின் விலாசத்தை மற்றத் தாளில் எழுதியிருக்கிறேன். போகிற தைரியம் உனக்கு இருந்தால் போ, எனக்கு இல்லை.

வாமதேவன்

---

பாரிஸ், ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டல்
17.11.2024

அண்ணைக்கு,

பாரிஸில்தான் நிற்கிறேன், உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் அண்ணி சோறு போடுவா, நான் சாப்பிடுவேன், எல்லாம் வழமைபோல் ஆகிவிடும்.

நேற்று ஒபர்வில்லியே போனேன். கதவைத் திறந்த உடனே என்னைத் தெரிந்துகொண்டா. தொடரை யாரோ போனுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறா. “வாரும், சப்பாத்தைக் கழட்டாதையும், நிலம் குளிர்” என்றா. நான் அழுதுகொண்டே 98இல் நடந்ததைச் சொன்னேன். அவ அழவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுச் சொன்னா:

“நல்லாய் நடிச்சீர். நான் அந்த விசாரணை அறைக்குள்ளை அழேல்லை. வாறதுக்கு முந்தியே எல்லாம் அழுது முடிஞ்சுது. நீர் அழுதனீராக்கும். அதுதான் உம்மை நம்பிச்சினம்.”

பதினைந்து வருஷம் வேஷம் போட்டுச் சனத்தைச் சிரிக்க வைத்தேன், இந்த வருஷம் அழவும் வைத்தேன். அவவுக்கு முன்னால் பாடமாக்கிய வசனம் ஒன்றும் உதவவில்லை. ‘எல்லோருக்கும் உண்மையைச் சொல்கிறேன், என் பாஸ்போர்ட் போனாலும் போகட்டும்’ என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயம், அவவுக்கும் அது தெரிந்தது. “விசர்க்கதை கதையாதையும். உம்மடை பாஸ்போர்ட்டை வைச்சு நான் என்ன செய்யிறது? தொடரின்ரை முடிவிலை என்ரை தம்பியின்ரை பேரைப் போடும், அது போதும்” என்றா. மண்டபக்காரருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பெயரைப் போட எழுதியும் விட்டேன். ஏன் என்று கேட்பார்கள். சொல்லத்தான் போகிறேன், பயந்து பயந்தாவது.

இனி உங்களுக்கு. நீங்கள் எழுதிய கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “டிலானியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?” என்றா.

எனக்கு விளங்கவில்லை. உங்கள் பக்கத்துக் கட்டட டிலானியா, அண்ணியின் சினேகிதியா என்று கேட்டேன். அவதானாம். 98இல் இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே கட்டில். நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தவவை நீங்கள் என்ன கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அவவுக்கு இருக்கிறது. “இந்தக் கதையை நீர் வேறை ஆருக்கும் சொன்னனீரோ?” டிலானிக்கு மட்டும் என்றிருக்கிறா. “அப்ப பாரும்” என்றீர்களாம். இவ்வளவுதான். டிலானிதான் கதையை வெளியே விட்டாள் என்று நினைத்து, அன்றைக்கே அவ பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையை விட்டுப் போய்விட்டா. இருபத்தாறு வருஷம் டிலானியோடு ஒரு சொல் இல்லை. ஒரே மெற்றோவில் எதிரெதிரே நின்றிருக்கிறார்களாம்.

உங்கள் கடிதம் எவ்வளவு நல்ல கடிதம், அண்ணை! திகதி, வயது, கை நடுக்கம், எல்லாம் இருந்தது. வாசித்து நான் உங்களை அரைவாசி மன்னித்தும்விட்டேன். கேஸ் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறீர்கள். எனக்காகக் களவெடுத்தீர்கள், அதில் எனக்கும் பங்கு. டிலானியை யாருக்காகக் காட்டிக் கொடுத்தீர்கள்?

அஜந்தா அக்கா உங்களைப் பார்க்க விரும்பவில்லை. கேட்டது ஒன்றுதான்: “அவர் போய் டிலானிக்குத் தன்ரை வாயாலை சொல்லட்டும். எழுத வேண்டாம். அவர் எழுதினால் நல்லாய் எழுதிப்போடுவார்.”

கஜந்தினி

---

பியர்ஃபித்
01.12.2024

கஜந்தினிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்க எனக்கு உரிமை இல்லை. அண்ணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். சமைக்கிறாள், பேசுகிறாள் இல்லை.

பத்து நாள் ஒளித்துத் திரிந்தேன். நேற்றுத்தான் டிலானி வீட்டுக்குப் போனேன். புருஷன் வேலையில். கதிரையில் இருக்க முன்னரே சொன்னேன், இருந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. கடைசியில் நடந்ததை முதலில் சொன்னேன். உன் பெயரில் தடக்கினேன். ‘அப்ப பாரும்’ என்ற இரண்டு சொல்லையும் மூன்று தரம் சொன்னேன்.

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னையே பார்த்துக் கேட்டாள்:

“அதுவோ அண்ணை காரணம்? நான் வேலையாலை வர அவளின்ரை பெட்டி இல்லை. இவ்வளவு நாளும் எனக்கு ஏனெண்டே தெரியாது. அதுக்கு முதல்நாள் ராத்திரி, ‘தம்பி உயிரோடை இருப்பான், யோசியாதை’ எண்டு நான் சொன்னனான். அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது, அதிலைதான் கோவிச்சுப்போட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அதுக்குப் பிறகு செத்த வீடுகளுக்குப் போனாலும் நான் ஒருத்தருக்கும் ஆறுதல் சொல்லுறேல்லை.”

அது உண்மை, கஜந்தினி. எங்கள் மாமா செத்தபோது வந்து ஒரு மூலையில் பேசாமல் இருந்துவிட்டுப் போனாள். “என்ன மனுசி, வாய் திறந்து ஒரு சொல் சொல்லேல்லை” என்று அன்றைக்கு அண்ணியிடம் குறை சொன்னவன் நான்தான்.

அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கோட்டைப் போட்டாள். “அவள் எங்கை இருக்கிறாள்?” என்றாள். எந்த பஸ், எந்தத் தரிப்பு, எத்தனையாம் மாடி, எல்லாம் சொன்னேன். அவ்வளவும் எனக்குப் பாடமாக இருந்ததைக் கேட்டு அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். நானும் எழும்பினேன். தூரத்தில் நின்று இரண்டு பேரும் கதைப்பதைக் கண்டால் போதும், கொஞ்சம் மூச்சு வரும் என்று நினைத்தேன். உனக்கு ஒளிக்க மாட்டேன், அதற்குத்தான் எழும்பினேன்.

“நீங்கள் வரவேண்டாம் அண்ணை” என்றாள். “நீங்கள் வந்தால் அவள் உங்களைத்தான் பார்ப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள்.”

படியால் இறங்கிப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு வந்து யன்னலில் நின்றேன். அவள் திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கண் வீங்கியிருந்ததா, சிரித்தாளா என்று மேலேயிருந்து தெரியவில்லை. காலையில் தெருவில் கண்டேன், “எப்பிடி?” என்று கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் கடந்து போனாள். அண்ணிக்குச் சொல்லியிருக்கிறாள் போல. அண்ணியும் எனக்குச் சொல்ல மாட்டாளாம்.

அங்கே என்ன நடந்தது, என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் உனக்கு எழுதியிருந்தால், நீயும் எனக்குச் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாமதேவன்